மாட்டுக் கொள்கைக்கு என் பங்களிப்பு

நான் யாரைப் பார்த்தும் பொறாமைப்படுவதில்லை, சகலன் நாஸரைத் தவிர. எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் பெண் வீட்டில்தான் குடியிருப்பு. அக்காவுக்கு ஒரு வீட்டு வளவு, தங்கைக்குப் பக்கத்து வளவு, சகலன்மாருக்கு நடுவே ஒரு மதில். இருபது வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் நான். நாஸர் கல்முனையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். ஆனால் நாட்டு நடப்பில் ஒரு சந்தேகம் வந்தால் மாமி மதிலுக்கு அந்தப் பக்கம்தான் கேட்பார்.

சில வருடங்களுக்கு முன், கட்டாக்காலி மாடுகளை என்ன செய்வதென்று கொள்கை வகுக்க ஒரு குழு அமைத்தார்கள். பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும், மாவடிப்பள்ளிப் பக்கம் மேய்ந்த மாடுகள் ஊருக்குள் வந்து பிரதான வீதியில் படுத்துவிடும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் விழுந்து கையை முறித்துக்கொள்வார்கள். பொதுமக்கள் எழுத்தில் கருத்துத் தரலாம் என்றார்கள்.

மூன்று வாரம் உட்கார்ந்து பதினான்கு பக்கம் எழுதினேன். ஒரே ஒரு வரியாவது கொள்கையில் ஏற வேண்டும். அது போதும் எனக்கு. மனைவிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன் (முதல் தடவை அவள் தூங்கிவிட்டாள்). குழுவிடமிருந்து, கிடைத்தது என்று ஒரு துண்டுக் கடிதம் வந்தது.

நாஸர் ஒரு வரியும் எழுதவில்லை. கடைசிக் கூட்டம் நடந்த அன்று குழுவையே மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். நான் விருந்தாளிகளின் கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு விருந்தென்றால் சஹன். ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார வேண்டும். (அன்றைய கறி, விஷயத்துக்குப் பொருத்தமாக, மாட்டிறைச்சி.) ஆறு பேர் சேராமல் யாரும் கை வைப்பதில்லை. குழுவின் தலைவர், செயலாளர், இரண்டு உறுப்பினர்கள், நாஸர். ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

“காக்கா, வாங்க. ஒராள் குறையுது,” என்றார் நாஸர். அக்காவின் கணவன் என்பதால் அவருக்கு நான் காக்கா, அண்ணன் முறை.

பதினான்கு பக்கம் எழுதியவனுக்கு அப்படித்தான் அழைப்பு வந்தது. உட்கார்ந்தேன்.

“தண்டத்தக் கூட்டினா எல்லாம் அடங்கும் எண்டு சிலர் சொல்றாங்க,” என்றார் தலைவர். “நீங்க என்ன சொல்றீங்க, ஹாஜியார்?” கேள்வி என்னைத் தாண்டி நாஸரிடம் போனது.

“வயல் விதைச்சா மாடு எங்க போற? முதல்ல ஊருக்கு வெளிய ஒரு பொதுப் பட்டி அடிச்சுக் குடுங்க. மறுகா தண்டம் எடுங்க,” என்றார் நாஸர். “இது என்ட யோசனை இல்ல, நம்மட...”

தலைவர் தலையாட்டினார். உறுப்பினர்களும் ஆட்டினார்கள். நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

“ஒருக்காலும் சரிவராது,” என்றேன். பட்டிக்கு யார் காவல், யார் தண்ணி வைப்பது, மழைக்குச் சேறானால் என்ன, நோய் பரவினால் யார் பொறுப்பு என்று அடுக்கினேன். “காக்கா, கொஞ்சம் பொறுங்க,” என்று நாஸர் இரண்டு தடவை சொன்னார். நான் பொறுக்கவில்லை. “விசயம் தெரியாதவங்கட கதை இது,” என்று முடித்தேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சு. எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

செயலாளர் மெதுவாகச் சொன்னார்: “சேர், இது உங்கட அறிக்கையில ஒன்பதாம் பக்கத்தில இருக்கு. அதத்தான் நாங்க சேர்க்க இருந்தம்.”

நான் எழுதியிருந்தது ‘பருவகாலத் தற்காலிகக் கால்நடைத் தங்குமிடப் பொறிமுறை’. அதை ஒருவர் பட்டி என்று சொன்னதும் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மனைவி தங்கைக்குச் சொல்ல, தங்கை நாஸருக்குச் சொல்ல, அவர் என் பெயரை எடுக்க வாய் திறந்த இடத்தில்தான் நான் பாய்ந்திருக்கிறேன்.

“எழுதினவரே சரிவராது எண்டா நாங்க எப்பிடிப் போடுற?” என்றார் தலைவர். ஒரு நல்ல இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவைத்தார்.

நாஸர் எனக்காக அவரிடம் கெஞ்சினார். நானும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வரி தப்பியிருக்கும். ஆனால் நாஸரின் சிபாரிசில் அது ஏறுவதா? “சொன்னது சொன்னதுதான்,” என்று சாப்பிடத் தொடங்கினேன்.

கொள்கை பட்டி இல்லாமல், தண்டத்தோடு மட்டும் வந்தது. தண்டத்துக்குப் பயந்து இப்போது யாரும் மாட்டைத் தன்னுடையது என்று சொல்வதில்லை. எங்கள் குடும்பத்தில் மட்டும் வீதியில் கிடக்கும் அத்தனை மாட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு.

போன மாதம் நாஸரின் வேனில் எல்லோரும் போனோம். நடுவீதியில் ஒரு மாடு. ஹோர்ன் அடித்தும் எழும்பவில்லை.

“பெரிய வாப்பா, உங்கட மாடு. எழும்பச் சொல்லுங்க,” என்றாள் நாஸரின் மகள். வேன் முழுக்கச் சிரிப்பு. என் மனைவியின் சிரிப்புத்தான் கடைசியாக நின்றது.

இறங்கிப்போய்க் கையைத் தட்டினேன். மாடு என்னைப் பார்த்துக்கொண்டு அசைபோட்டது. நாஸர் வந்து அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

எழும்பிப் போய்விட்டது.