மிஸ்டு காலில் இறங்கிய கங்கை

சிதம்பரம் வட்டம்,
விகிருதி வருடம், மார்கழி 25.

செம்மண்டலத்தில் மனைவி மக்களோடு வாழும் மருமகப்பிள்ளை இளவரசு அவர்களுக்கு, மாமனார் கலியமூர்த்தி எழுதிக்கொள்வது. தில்லைக் கூத்தன் திருவருளால் இங்கு நானும் உம் மாமியார் கொளஞ்சியம்மாளும் நலம். நெல் நலமாக இல்லை.

ஐப்பசியில் எம் மோட்டார் கொட்டகையில் நீர் மாட்டிச் சென்ற கைப்பேசிப் பெட்டியின் பெருமையைக் கேளும். கங்கையைக் கொணரப் பகீரதன் தவம் கிடந்தான். நீரோ, "கழனிக்கே போவேணாம் மாமா, ஒரு மிஸ்டு கால் குடுத்தா தண்ணி பாயும், இனிமே இதான் ஒங்க நம்பர்" என்றீர். என் எண் என்று நீரே சொன்னபடியால், நான் பொறுப்பேற்று நடத்தும் நம் கோயில் தைப்பூச அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே அதையே அச்சிட்டேன். ஐந்நூறு பிரதி. எவர் அழைத்தாலும் மோட்டார் ஓடும் என்று நீர் சொல்லவில்லை. நம்மவர்களை அறிவீரே, காசு கொடுத்துப் பேசுபவர் எவர்? அழைப்பிதழ் கிடைத்ததற்கு ஒரு மிஸ்டு கால், அன்னதானத்துக்கு அரிசி தருவதற்கு ஒன்று, நான் திரும்ப அழைக்கவில்லை என்ற கோபத்தில் மேலும் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத் தண்ணீர். கதிர் முற்றிக் காய வேண்டிய கழனியில் முழங்கால் ஆழம். அறுவடை வண்டியோடு வந்த பக்கிரி வரப்பிலேயே நின்று, "ஐயா, இது கழனியா கொளமா? வண்டிய எறக்குனா கிரேன் வச்சுதான் எடுக்கணும்" என்று திரும்பிப் போய்விட்டான். எங்கள் வருடச் சோறு இந்த நெல்தான். இன்னும் நான்கு நாள் நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். நிறுத்தலாம் என்றால் மெயின் சுவிட்சும் பெட்டிக்குள்ளே, பெட்டிக்குப் பூட்டு. கங்கையைச் சடையில் வாங்கிய பெருமான் அதை அடக்கும் வித்தையைத் தம்மிடமே வைத்திருந்தார். நீர் சாவியைச் செம்மண்டலத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்.

ஆகையால் கடிதம் கண்டதும் வந்து அந்த விஞ்ஞானத்தைக் கழற்றிச் செல்க. மகள் லோகநாயகிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எம் ஆசிகள். பெட்டிக்குக் கிடையாது.

இங்ஙனம்,
கலியமூர்த்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். அதற்குள் உம் மாமியார் என்னைக் கேளாமலே மோட்டார்க் குழாயைக் கழனியிலிருந்து இழுத்துப் பக்கத்துக் கோயில் குளத்தில் போட்டுவிட்டாள். "கோயிலுக்குக் கூப்புடுறவங்க தண்ணி கோயிலுக்கே போவட்டும். இதுக்கா அன்னிக்கு காலைலேர்ந்து எழுதிகினு கெடந்தீங்க?" என்கிறாள். கழனி வடிகிறது, தை பிறந்ததும் பக்கிரி வருகிறானாம். குளம் வறண்டதால் ஆறு வருடமாக அண்டாவில் நடந்த தீர்த்தவாரி இவ்வருடம் குளத்திலேயே நடக்கும். இன்னும் இரண்டு படிதான் நனைய வேண்டும். பெட்டியைக் கழற்ற வேண்டாம். தினமும் காலையில் நீராடியபின் நீரும் ஒரு மிஸ்டு கால் கொடுக்கவும்.