கோதுமைக்குப் போட்ட பூட்டு

"இனிமே இந்த வீட்டுக்குள்ள கோதுமை மூச்சு விடக் கூடாது!"

பூட்டுக்காரர் சமையலறை நடுவில் நின்று அறிவித்தார். ஊரில் பாதிக் கதவுகள் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். வீட்டில் மறுபேச்சு கிடையாது என்று சொல்ல ஆசைதான், உண்டு. அதனால் வாயை நம்பாமல், மாவு, பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாவற்றையும் அலமாரியில் தள்ளி, நல்ல கனமான பூட்டாகப் பார்த்து மாட்டினார். சாவி இடுப்புக்குப் போனது.

விஷயம் இதுதான். மகள் சிட்டுவுக்குக் கொஞ்ச நாளாக வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. கை கால் குச்சி. போன வருஷத்துக் கவுன் இந்த வருஷமும் அளவாக இருந்தது. அம்மாவை டாக்டரிடம் ஓட வைத்தது அந்தக் கவுன்தான். பக்கத்துத் தெரு டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "சீலியாக் நோயா இருக்கலாம். கோதுமையில குளூட்டன்னு ஒண்ணு இருக்கு, சில பேர் குடலுக்கு ஆகாது. பெரிய டாக்டரம்மாகிட்ட காட்டுங்க, ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க" என்றார். பெரிய டாக்டரம்மாவைப் பார்க்கச் சில வாரம் காத்திருக்க வேண்டும்.

"இருக்கலாம்னுதானேங்க சொன்னாரு? டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்தலாமே" என்றாள் மனைவி.

"திருடன் வரலாம்னா, வந்துட்டானான்னு கேட்டுட்டா பூட்டுவோம்?"

"உள்ள வெச்சுப் பூட்டினது திருடனைத்தானான்னு பார்க்க வேண்டாமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

சிட்டு அலமாரியை அண்ணாந்து பார்த்தாள். "அப்பா, கோதுமை என்ன தப்புப் பண்ணுச்சு?"

"உன் வயித்துல கலாட்டா பண்ணுது, கண்ணு."

"நீங்க பார்த்தீங்களா?"

"அப்படியே அம்மா வாய்!"

மறுநாள் பெரிய கடையில் தேடி அரிசிமாவு ரொட்டி வாங்கி வந்தார். சிட்டு ஒரு கடி கடித்து, "அப்பா, இது அட்டைப்பெட்டி" என்று துப்பினாள். ஆனால் அதற்கடுத்த நாளிலிருந்து சமர்த்தாகத் தின்றாள். வேலை முடிந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டு, அந்தக் கவரிலிருந்து இரண்டு துண்டு எடுத்துத் தன் கையாலேயே ஊட்டினார் பூட்டுக்காரர். கூடவே தானும் ஒன்று.

"வயிறு அமுங்கியிருக்கு பார்த்தியா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அதுக்குக் கண்ணு வேணும்டி."

"ஆமாமா. சாவித்துவாரத்துல பார்த்துப் பழகின கண்ணாச்சே."

"பேசு, பேசு. எனக்கே பத்து வருஷத்து வாயு பறந்துபோச்சு, தெரியுமா?"

டாக்டரம்மாவைப் பார்க்கும் நாள் வந்தது. "கேள்வியெல்லாம் நான் பார்த்துக்கறேன். நீ சும்மா உட்காரு" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். மனைவி சும்மா உட்கார்ந்தாள்.

முதல் கேள்வியை டாக்டரம்மா கேட்டுவிட்டார். "குழந்தை கோதுமை சாப்பிடுதா?"

"ஒரு துணுக்கு கிடையாது டாக்டர்! அன்னைக்கே பூட்டுப் போட்டுட்டேன்!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யாரு நிறுத்தச் சொன்னா? கோதுமையோட உடம்பு சண்டை போடுதான்னுதான் ரத்தத்துல பார்க்கிறோம். எதிராளியை ஊரைவிட்டே அனுப்பிட்டா சண்டை எங்க தெரியும்? நோய் இருந்தாலும் இல்லைன்னு காட்டிடும். மறுபடி வாரக்கணக்கா கோதுமை கொடுத்துட்டு வரணும்."

பூட்டுக்காரர் மடியிலிருந்த சிட்டுவின் குச்சிக் கையைப் பார்த்தார். இன்னும் அத்தனை வாரமா?

"என் கையாலேயே கெடுத்துட்டேனே..."

"கெடுக்கலைங்க" என்றாள் மனைவி. "டாக்டர், குழந்தை ஒருநாள் விடாம கோதுமை ரொட்டிதான் சாப்பிடுறா. இவருதான் ஊட்டினாரு."

"நானா? பூட்டைத் திறந்தியா?"

"அதை யாரு தொட்டா? தெருமுனையில கடை இருக்கு. கவர் உங்களுது, ரொட்டி கடையோடது."

"அப்போ என் அரிசி ரொட்டி?"

"நான் தின்னேன். அட்டைப்பெட்டியேதான்."

"வயிறு அமுங்கினது?"

"உங்க கண்ணுல."

"என் வாயு?"

டாக்டரம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, "அப்ப இன்னைக்கே ரத்தம் எடுத்துடலாம். ரிசல்ட் வந்ததும் என்ன செய்யறதுன்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் நீங்களா எதையும் நிறுத்தாதீங்க" என்றார்.

ரத்தம் எடுக்கும் அறையில் ஊசியைக் கண்டதும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தனை நாள் தைரியமும் அந்த ஊசி முனையோடு நின்றுபோனது. சிட்டுவோ நர்ஸ் கையில் ரத்தம் நிறைந்த குழாயையே உற்றுப் பார்த்தாள். "இதுக்குள்ள சண்டை நடக்குதா சிஸ்டர்?"

"மிஷின்தான்டா பார்த்துச் சொல்லணும்."

மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பூட்டுக்காரர் மெல்லக் கேட்டார். "சிஸ்டர், நிறுத்தக் கூடாதுன்னு இவளுக்கு யாரு சொன்னது?"

"நான்தான் சார். போன் பண்ணிக் கேட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்ககிட்ட சொல்லிடட்டுமான்னு அதையும் கேட்டாங்க சார். சொன்னா கேட்டுக்கிற மனுஷராம்மான்னேன். சிரிச்சாங்க பாருங்க, லைனே கட்டாயிடுச்சு."