மோப்பனும் இடுப்புவலித் தைலமும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் நலம்.

உன் மகள் விஷயமாக நீ சொல்லி அனுப்பிய வேலையை மறக்கவில்லை. "காத்தை ஆராய எதுக்கு மேல போகணும், கீழ இல்லாத காத்தா? பக்குவமா பேசி, உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாறச் சொல்லுண்ணே" என்றாய். அதற்காகவே, பத்திரிகைக்குச் செய்தி எழுதும் சாக்கில், உன் மகளின் ஆராய்ச்சி விமானத்தில் இடம் வாங்கினேன். உள்ளே இருக்கைகளில் பாதியைப் பிடுங்கிவிட்டு, இரும்புச் சட்டங்களில் கருவிகளைப் பெட்டி பெட்டியாகப் பொருத்தியிருக்கிறார்கள். ஒன்று மேகத்துளியை அளக்கிறது, ஒன்று தூசியை எண்ணுகிறது. உன் மகளுடையது, வெளியே நீட்டிய குழாயால் காற்றை உறிஞ்சி, அதில் என்னென்ன ஆவி கலந்திருக்கிறது என்று முகர்ந்து சொல்லும். செல்லப் பெயர் மோப்பன். அவள் அதைத் துடைத்துவிடும் அழகைப் பார்த்தால் உனக்குப் பேரன் இல்லாத குறை தீர்ந்துவிடும். ஆனால் அன்று பிள்ளைக்குப் பரீட்சை. முந்தைய பயணங்களில் என்ன காரணமோ, உளறிவிட்டதாம். எடை பார்த்தே எதையும் ஏற்றுவதால் தராசு என்று பேர் வாங்கிய குழுத்தலைவர், "இந்தத் தடவையும் தப்பா காட்டுச்சுன்னா இறக்கிடுவேம்மா" என்று முன்பே சொல்லியிருந்தார்.

கடலுக்கு மேலே போனதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. "கையிலயே வச்சுக்கோ" என்று நீ கொடுத்த தைலத்தை எடுத்துத் தாராளமாகத் தேய்த்தேன். சற்று நேரத்தில் மோப்பனின் திரையில் கோடு செங்குத்தாக ஏறியது. கற்பூரம் என்றது, யூகலிப்டஸ் என்றது. கீழே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். தராசு எழுந்து வந்தார், திரையைப் பார்த்தார், பிறகு குனிந்து என்னை முகர்ந்தார்.

"தைலமா?"

"இடுப்புங்க."

"போச்சு. கடல் நடுவுல காடு இருக்குன்னு பார்த்தா, உன் பெட்டி மாமா இடுப்பை மோந்திருக்கும்மா."

பெட்டி இறங்கினால் அவளும் தரைக்கு வந்துவிடுவாள், நீ கேட்டது தானாக நடக்கிறதென்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் புட்டியை அப்படியே விழுங்கிவிடலாமா என்றிருந்தது. அவளோ அழவில்லை. "வெளிக்காத்த இழுக்கிற குழாய்க்குள்ள உங்க தைலம் எப்படி மாமா போச்சு?" என்று புட்டியைப் பிடுங்கி, திறந்து, உள்ளே ஓடும் குழாயின் ஓரமாக அடிமேல் அடிவைத்து நகர்த்தினாள். என் இருக்கைக்குப் பின்னால் ஓர் இணைப்பை எட்டியதும் திரையில் கோடு மறுபடி துள்ளியது. தரையில் இறுக்கமாக இருந்த அந்த இணைப்பு, மேலே அதிர்ந்து தளர்ந்து, பயணத்துக்குப் பயணம் எங்கள் மூச்சையெல்லாம் உள்ளே இழுத்திருக்கிறது. பிள்ளை உளறவில்லை, இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறது. ஸ்பானரால் ஒரு திருகு. கோடு படுத்துக்கொண்டது. தராசு திரையைப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும். கசிவு பார்க்கத் தைலமும் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

இந்தச் சந்தடியில் பக்குவமாகப் பேச நேரம் வாய்க்கவில்லை. அடுத்த முறை பேசி அவளைத் தரையிறக்கிவிடுவேன். அண்ணன் வாக்கு. மாப்பிள்ளையிடம் என் அன்பைச் சொல். இருவரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ வேண்டும்.

உன் அண்ணன்

பி.கு.: இன்னும் இரண்டு புட்டி தைலம் அனுப்பு. தராசு அடுத்த பயணத்துக்கு என் எடையையும் கருவிகளோடு சேர்த்துவிட்டார். நானும் சரியென்று தலையாட்டிவிட்டேன். இனி அவளிடம் எந்த முகத்தோடு கீழே உட்காரச் சொல்வது, நீயே சொல்.