ரிஷப ராசிக்குப் பெட்ரோல் லாரி

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்கு மேலே ஒரு வாடகை மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் பக்கம் போனால் படிக்கட்டு கண்ணில் படாது, செருப்புதான் படும். கல்யாணமா? இல்லை. காதுகுத்தா? அதுவும் இல்லை. லாரி வாங்கப் போகிறவர்கள், எந்த லாரியை வாங்கலாம் என்று கேட்க வந்த கூட்டம்!

அதை லாரிக் கடையில் போய்க் கேட்க வேண்டியதுதானே என்கிறீர்களா? அடப் பாவமே, நீங்கள் இன்னும் விவரம் தெரியாதவராகவே இருக்கிறீர்கள். லாரிக் கடைக்காரனுக்கு லாரியைப் பற்றித்தான் தெரியும். லாரிக்குள் உட்கார்ந்திருக்கும் சனி பகவானைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

மண்டப வாசலில் ஆளுயரப் பலகை. 'டீசலா? பெட்ரோலா? உங்கள் ராசி சொல்லும்! இழுவைத் தடை நீக்கும் என்ஜின் சித்தர்!' படத்தில் சித்தர் காவி வேட்டியில் நிற்கிறார். ஒரு கையில் ருத்திராட்சம், மறு கையில் ஸ்டீயரிங். அவருக்கு ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஞானிகளிடம் அதையெல்லாம் கேட்கக் கூடாதாம்.

சித்தரின் தத்துவம் மிகவும் எளிமையானது. டீசல் சனி பகவானுடையது, ஏனென்றால் கறுப்புப் புகை, மந்த நடை. பெட்ரோல் சுக்கிரனுடையது, ஏனென்றால் வாசனை, துள்ளல். ஆக, இரண்டு கிரகங்களுக்கு எரிபொருள் கிடைத்துவிட்டது. மற்ற ஏழு கிரகங்களும் எம்ஆர்டி ரயிலில் போகின்றன போலும்!

மேடையில் இரண்டு கண்ணாடிச் சாடிகள். கறுப்புக் கயிறு கட்டியது டீசல், சிவப்புக் கயிறு கட்டியது பெட்ரோல். பக்தர் தன் பழைய லாரிச் சாவியை நடுவில் வைக்க வேண்டும். சித்தர் நூலில் கோத்த ருத்திராட்சத்தைச் சாடிகளுக்கு மேலே தொங்கவிடுவார். எந்தச் சாடியின் மேல் அது சுற்றுகிறதோ அதுதான் உங்கள் தலையெழுத்து. லாரி வாங்க வக்கில்லாதவர்கள்கூட, ருத்திராட்சம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிக்கொண்டு நாலு நம்பர் லாட்டரி எடுக்க ஓடினார்கள்.

அதோடு முடிந்ததா? வண்டியை எந்தத் திசையில் வாங்க வேண்டும் என்பதையும் சித்தரே சொல்வார். கேலாங்கிலிருந்து வந்தவருக்கு மேற்குத் திசை உகந்தது. ஜூரோங்கிலிருந்து வந்தவருக்குக் கிழக்கு. உட்லண்ட்ஸ்காரருக்குத் தெற்கு. எல்லாரும் அவரவர் திசையில் கிளம்பிப் போய்ச் சேர்ந்த இடம் ஒரே கடை! தீவின் நடுவில் இருக்கும் ஒரு லாரி வியாபாரியின் கொட்டகை. கிரகங்கள் அந்தக் கடைக்கு வழி தெரியாமல் ஒருநாளும் தடுமாறியதில்லை.

அந்தக் கடையின் விற்பனையாளன் பிரேம்தான் மண்டபத்தில் மைக் பிடிப்பவன். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் கடையின் அட்டை. முன்பணம் கட்ட இயந்திரமும் கையோடு இருக்கும். சுபவேளை போய்விடக் கூடாதல்லவா!

கடைசியாகப் பிரசாதம் ஒன்று உண்டு. 'இழுவைக் கயிறு'. லாரியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கியில் இந்தக் கறுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டால், வண்டி தன் சக்திக்கு மேல் இரண்டு டன் கூடுதலாக இழுக்குமாம். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பழம்தான் வீண். இது ஆளையே நசுக்கும் சமாசாரம் என்று அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒருவருக்கு உறைத்தது. அவள் பெயர் சரசு.

சரசுவும் அவள் கணவர் அழகேசனும் கிளமெண்டிவாசிகள். ஜூரோங்கில் சின்னதாக ஒரு தொழில். கட்டுமான இடங்களுக்கும் பட்டறைகளுக்கும் கம்ப்ரசர், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறார்கள். சக்கரம் வைத்த அந்த இரும்புப் பூதங்களை லாரிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். பேரம் பேசுவது அழகேசன். லாரி ஓட்டுவது சரசு. அவர்களுடைய டீசல் லாரிக்குச் சாலையில் ஓட அரசு தரும் பத்தாண்டு உரிமம் தீரப்போகிறது. புது லாரி வாங்கியே ஆக வேண்டும். சிங்கப்பூரில் லாரி வாங்குவது சட்டை வாங்குவது மாதிரியா? அளவு தப்பிப்போனால் மாற்றித் தரச் சொல்ல முடியாது. சேமிப்பு மொத்தமும் அதற்குள் போய்விடும். அடுத்த பத்து வருடத்துச் சோறு அந்த வண்டியில்தான்.

அழகேசன் எங்கே போனார்? நேராக என்ஜின் சித்தரிடம் போனார். வீட்டுக்கு வரும்போது முகமெல்லாம் பல்.

"சரசு, பெட்ரோல்தான்! எனக்கு ரிஷப ராசியா, சுக்கிரன் அதிபதியா, ருத்திராட்சம் சும்மா பம்பரமாச் சுத்துது! வர்ற ஞாயித்துக்கிழமை மண்டபத்துலயே முன்பணம் கட்டிடலாம்."

"எந்த லாரி?"

பிரேம் கொடுத்த படத்தைக் காட்டினார். அழகான சின்ன லாரி. சரசு படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள்.

"என்னங்க, இது எவ்ளோ இழுக்கும்னு இதுலயே போட்டிருக்கு. நம்ம பெரிய கம்ப்ரசர் வெயிட்ல பாதிகூட இல்ல."

"அதுக்குத்தான் கயிறு குடுத்திருக்காரு."

"கயிறா?"

"கொக்கியில கட்டணும். ரெண்டு டன் எக்ஸ்ட்ரா."

சரசுவுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. "லாரியே மாடிக்கு ஏறுற அந்த ஃபேக்டரி ரேம்ப்ல கம்ப்ரசரோட ஏறப்போறது நீங்க இல்ல, நான்! பாதி மேட்டுல வண்டி இழுக்க முடியாமப் பின்னால உருண்டா, கீழ நிக்கிறவன யாரு காப்பாத்துவா? சுக்கிரன் வந்து பிரேக் பிடிப்பாரா?"

"நம்பிக்கை இல்லாமப் பேசாத சரசு."

"சரி, நம்பிக்கையோடயே கேக்குறேன். பூக்கடைப் பரமசிவம் அண்ணனுக்கு என்ன ராசி?"

"ரிஷபம்."

"நட்சத்திரம்?"

"எனக்கும் அவருக்கும் ஒண்ணுதான், ரோகிணி. அதுக்கென்ன இப்ப?"

"போன மாசம் அவரு போனாரே, அவருக்கு டீசல்னுதான சொன்னாரு உங்க சித்தரு? இப்ப உங்களுக்கு எப்படிப் பெட்ரோல் ஆச்சு?"

அழகேசன் யோசித்தார். யோசித்த மனிதர் அங்கேயே நின்றிருக்கக் கூடாதா? "அவருக்குச் சனி பார்வை இருந்திருக்கும்லா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

பரமசிவத்தின் கதை வேறு விதமான கூத்து. லிட்டில் இந்தியாவிலிருந்து பக்கத்துக் கோயில்களுக்குப் பூ கொண்டு போகிறவர் அவர். மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் என்ன கனம் இருக்கிறது? இரண்டு தெரு ஓடுவார், நிறுத்துவார், மறுபடி இரண்டு தெரு ஓடுவார். அவருக்குச் சின்னப் பெட்ரோல் வண்டியே தாராளம். சித்தர் அவர் தலையில் பெரிய டீசல் லாரியைக் கட்டிவிட்டார். என்ஜின் சூடேறும் தூரம்கூட ஓடாததால் அதன் புகை வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, மனிதர் பட்டறையே கதியென்று கிடக்கிறார். மலையை இழுக்கிறவருக்குப் பெட்ரோல், மல்லிகையை ஏற்றுகிறவருக்கு டீசல்! ஏன்? போன மாதம் கொட்டகையில் டீசல் வண்டி தேங்கிக் கிடந்தது. இந்த மாதம் பெட்ரோல் வண்டி தேங்கிக் கிடக்கிறது. வேறு எந்தக் கிரகமும் இதில் வேலை செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அழகேசன் வங்கி அட்டையோடு கிளம்பினார். சரசு இரண்டு எவர்சில்வர் ஃபிளாஸ்குகளைப் பையில் போட்டுக்கொண்டு அவரோடு போனாள். வழியில் பரமசிவத்தையும் கூட்டிக்கொண்டார்கள்.

மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. பிரேம் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தான். "கடலுக்கு அடியில இருக்குற எண்ணெயக்கூட நம்ம சாமியோட ருத்திராட்சம் கண்டுபிடிக்கும்! அடுத்தது அழகேசன் அண்ணன், ரிஷப ராசி, பெட்ரோல், முன்பணம் கட்ட வாங்க!"

அழகேசன் மேடைக்குப் போனார். சரசுவும் கூடவே ஏறினாள். ஃபிளாஸ்குகளை மேசைமேல் வைத்தாள். இரண்டும் ஒரே அச்சு, ஒரே அளவு, மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது.

"சாமி, வண்டி ஓட்டப்போறது நான். மனசு திருப்தியாகணும்ல? இந்த ரெண்டுல எது டீசல், எது பெட்ரோல்னு உங்க ருத்திராட்சத்த வச்சு ஒரு தடவ சொல்லிடுங்க."

சித்தரின் கண் கயிறு தேடியது. கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. மூக்கு கொஞ்சம் முன்னே வந்தது, ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனது.

"மூடின பாத்திரத்துல சக்தி இறங்காதும்மா" என்றார்.

"கடலும் மூடித்தான சாமி இருக்கு? அடியில இருக்குறதே தெரியும்னு இப்பத்தான சொன்னாங்க."

கூட்டத்தில் யாரோ, "சொல்லுங்க சாமி, ஒரே நிமிஷ வேலைதானலா!" என்று குரல் கொடுத்தார். பக்தர்களின் நம்பிக்கை சில நேரம் சாமியாரையே மாட்டிவிட்டுவிடும்.

வேறு வழியில்லை. சித்தர் கண்ணை மூடினார். ருத்திராட்சம் இடப்பக்கம் போனது, சுற்றியது. "ஆகா! சுக்கிரன் துள்ளுறான்! இது பெட்ரோல்!" வலப்பக்கம் போனது, மெல்ல ஆடியது. "சனீஸ்வரா! இது டீசல்!" கைதட்டல் கூரையைப் பிளந்தது. சித்தருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "யாரும் கிட்ட வராதீங்க, பெட்ரோல் பத்திக்கும்!" என்று எச்சரித்தார். பிரேம் பாய்ந்து வந்து கற்பூரத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவ்வளவு பாதுகாப்பு உணர்வு!

சரசு டீசலின் மூடியைத் திருகினாள். அதே மூடியில் ஊற்றினாள். மடமடவென்று குடித்தாள்.

"ஐயோ!" என்று மண்டபமே அலறியது. அழகேசன், "சரசு!" என்று அவள் கையைப் பிடித்தார்.

"ஒண்ணும் இல்லங்க, தே ஓ, பால் ஊத்தாத டீதான். சனி பகவானுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடிப்போச்சு." பிறகு இன்னொரு ஃபிளாஸ்கைப் பரமசிவத்திடம் நீட்டினாள். "அண்ணே, நீங்க பெட்ரோல் குடிங்க."

பரமசிவம் முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். "பார்லித் தண்ணி!" என்றார். இன்னொரு வாயும் குடித்துக்கொண்டார்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தீர்களானால், நம் ஜனங்களை உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சித்தர் சட்டென்று எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தினார். "பார்த்தீங்களா அற்புதத்த! இந்தப் பொண்ணு விஷத்தக் குடிச்சிடக் கூடாதுன்னு, என் பார்வையாலயே டீசல டீயா மாத்திட்டேன்!"

முன்வரிசையில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஓர் அம்மாள் கண்ணீரே விட்டாள். பிரேம் மைக்கைத் தேடினான். இரண்டு ஃபிளாஸ்கிலும் என்ன ஊற்றினாள் என்று சரசுவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போது நடந்தது ஒரு நிஜமான அற்புதம். அழகேசன் யோசித்தார்! மனைவி கையில் இருந்த மூடியையும் மேசைமேல் இருந்த சாடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கறுப்புக் கயிறு கட்டிய சாடியின் மூடியை அவரே திறந்தார். டீசல் வாடை மண்டபம் முழுக்கப் பரவியது. அதைச் சித்தர் பக்கம் நகர்த்தினார்.

"சாமி, இது உங்க டீசல். நீங்களே வச்சது. நல்லாப் பாருங்க, டீயா மாத்துங்க. மாத்திட்டு ஒரே ஒரு முழுங்கு குடிங்க. நான் இப்பவே காசு கட்டுறேன்."

சித்தர் சாடியைப் பார்த்தார். சாடி சித்தரைப் பார்த்தது.

"இன்னிக்கு எனக்கு விரதம்" என்றார்.

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் பத்துப் பேர். அப்புறம் எல்லாரும். "விரதத்துல டீ குடிக்கலாம் சாமி!" "சர்க்கரை போடாம மாத்துங்க சாமி!" என்று குரல்கள் பறந்தன. பரமசிவத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் நேராகப் பிரேமிடம் போய், "என் ராசிக்கு டீசல்னு சொன்னது சனியா, உன் முதலாளியா?" என்று சட்டையைப் பிடித்தார். சித்தர் பின்பக்கப் படியில் இறங்கிவிட்டார். எந்தத் திசை தனக்கு உகந்தது என்று அவர் ருத்திராட்சத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. மறுநாள் லாரிக் கொட்டகையின் வாசலில் பரமசிவத்தைப் போல இன்னும் பலர் வண்டியோடு வந்து நின்றார்கள்.

அழகேசனும் சரசுவும் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? கம்ப்ரசரின் எடையைப் பார்த்தார்கள். எந்த லாரி எவ்வளவு இழுக்கும் என்று நாலு கடையில் விசாரித்தார்கள். ஓட்டிப் பார்க்கக் கேட்டு வாங்கிய டீசல் லாரியில் கம்ப்ரசரை மாட்டி, சரசு அதே மாடி ஃபேக்டரியின் மேட்டில் ஏறினாள். நிதானமாக ஓடும்போதே முழு பலத்தோடு இழுத்தது வண்டி. அதையே வாங்கினார்கள். எந்த மந்திரமும் இல்லை, கனத்தை இழுக்க அதற்கேற்ற என்ஜின், அவ்வளவுதான்.

இப்போது சரசுவின் கைப்பேசி ஓயாமல் அடிக்கிறது. "அக்கா, உங்க கை ராசியான கைன்னு சொல்றாங்க. எங்களுக்கு டீசலா பெட்ரோலான்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்கு மிதுன ராசி."

"ராசி கிடக்கட்டும். என்ன இழுக்கப் போறீங்க?" என்று கேட்கிறாள் அவள். அடுத்த முனையிலிருந்து மறுபடியும் ராசிதான் வருகிறது. சிலர் கோபத்தோடு போனை வைத்துவிடுகிறார்கள்.

அன்பர்களே, பாரத்தை லாரி இழுக்கட்டும், அது அதன் வேலை. உங்களுக்கு மூக்கணாங்கயிறு போட்டு எவனாவது இழுத்துப் போனால், எந்தக் கடைக்கு இழுக்கிறான் என்றாவது யோசித்துப் பாருங்கள்!