புரொபெசர் பிறெடியின் தோஷமானி

இந்தக் காலத்தில் சாமியை நம்பவில்லை என்று சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. மெசினை நம்பவில்லை என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இந்த இரகசியம் புரொபெசர் பிறெடிக்குத் தெரிந்திருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார். வெள்ளைக் கோட்டு மாட்டினார். 'தோஷமானி' என்று முள் ஆடும் ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். எந்தப் பல்கலைக்கழகத்தில் புரொபெசர் என்று ஒருவரும் கேட்கவில்லை. மருதானையிலிருந்தும் இரத்மலானையிலிருந்தும் சனம் ஓட்டோ பிடித்து வந்தது. இந்துக்களுக்குச் செய்வினை, கத்தோலிக்கருக்குப் பாவம், முஸ்லிம்களுக்குக் கண்ணூறு. பெட்டி ஒன்றுதான், முள்ளும் ஒன்றுதான். மதநல்லிணக்கம் என்றால் இதுவல்லவா!

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற கிளறன்ஸ் பூசைக்குப் போவதை விட்டுப் பத்து வருடம். "நான் சயன்ஸ் ஆள்" என்பார். சயன்ஸ் ஆளின் சீனி வருத்தத்துக்கு முன்னோர் பாவமே காரணம் என்றது தோஷமானி. அன்றே டொக்டர் கொடுத்த நீரிழிவுக் குளிசையை நிறுத்தினார். மூன்றாம் வாரம் கால் பெருவிரலில் புண் வந்தது.

மனைவி கொன்ஸ்ரன்ஸ் ஒரு பூசையும் தவறவிடாதவர். "மாதாவே இவ்வளவு காலமும் குளிசையை நிப்பாட்டச் சொல்லேல்லயப்பா. இவன் ஆர் சொல்ல?"

"உமக்கு விளங்காது. இது மின்சாரம்."

கொன்ஸ்ரன்ஸ் பக்கத்து வீட்டு ஆதிலாவிடம் போய் அழுதார். ஆதிலா ஆய்வுகூடமொன்றில் இரத்தம் சோதிப்பவள்.

"அழாதீங்க அன்ரி. அந்த மெசினை நானும் டெஸ்ட் பண்ணிப் பாக்கிறன். அங்கிளையும் கூட்டிட்டு வாங்க."

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்திருந்தது. முதலில் 'புனித நீரில்' கை நனைக்க வேண்டும். பிறகு சனத்தின் முன்னால் உட்கார்ந்து பெட்டியோடு வயரில் இணைத்த இரண்டு பித்தளைக் குழாய்களைப் பிடிக்க வேண்டும். கதிர்வீச்சு தாக்குமாம், அதனால் புரொபெசரும் பெட்டியும் திரைக்குப் பின்னால். முள் சிவப்புக்குப் பாய்ந்துவிட்டது என்று மைக்கில் அறிவிப்பார். காணிக்கை செலுத்தியதும் திரைக்கு அடியால் வெள்ளைத் தூள் வரும். அதைக் கையில் தேய்த்து மறுபடி பிடித்தால் முள் விழுந்துவிட்டது என்பார். பாவமும் போய்விடும்!

ஆதிலாவின் பெயர் கூப்பிடப்பட்டது. அவள் புனித நீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. பையிலிருந்து ஒரு கெக்கரிக்காயை எடுத்தாள். நீரில் முக்கினாள். இரண்டு குழாய்களையும் அதில் குத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

திரைக்குப் பின்னாலிருந்து மைக் அதிர்ந்தது. "ஆதிலா மகள்! கடுமையான கண்ணூறு. கலியாணம் தள்ளிப்போகுது. நித்திரையும் இல்ல, சரியா?"

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது.

"சிரிக்காதீங்க! மெசின் பொய் சொல்லாது!"

ஆதிலா திரையை இழுத்துவிட்டாள். "மெசின் பொய் சொல்லல்லதான். உப்புத்தண்ணியில கரண்ட் நல்லா ஓடும், தூள் போட்டுக் காய்ஞ்ச கையில ஓடாது. அதைத்தான் அது சொல்லுது. கலியாணக் கதை உங்கட கதை."

புரொபெசர் கெக்கரிக்காயைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்கதவால் ஓடினார்.

கிளறன்ஸ் தலையைக் குனிந்தபடி எழுந்தார். "அந்தக் குளிசை எங்க வச்சிருக்கிறீர்?"

"முதல்ல ஆஸ்பத்திரி" என்று கொன்ஸ்ரன்ஸ் அவருடைய கையைப் பிடித்தார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்று டொக்டர் பிறகு சொன்னார்.

அன்று மண்டப வாசலில் டை கட்டிய ஒருவர் ஆதிலாவை மறித்து, பயபக்தியோடு கையை நீட்டினார். "மிஸ், நீங்க விசயம் தெரிஞ்ச ஆள். என்ட தோஷத்தை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்களேன்."

"கையை உள்ள எடுங்க" என்றாள் ஆதிலா. "நான் சொன்னதையும் சும்மா நம்பாதீங்க. வீட்ட போய் உப்புத்தண்ணி, பற்றரி, சின்ன பல்ப் வச்சு நீங்களே செஞ்சு பாருங்க."