பாடும் லைஃப் ஜாக்கெட்

பாட்டைச் சட்டை மாதிரி உடுத்திக்கொள்ளலாம் என்று உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் தூத்துக்குடி வால்யூம் அண்ணாச்சிதான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் என்னோடு வந்து பேசட்டும்.

அவர் துறைமுகத்தில் குளிர்சாதனக் கண்டெய்னர்களுக்கு எலக்ட்ரீஷியன். பக்கத்து கிளியரிங் ஆபீசில் நான். கேசட் காலத்திலேயே டேப் ரெக்கார்டரை இடுப்பில் கட்டி, தோளுக்கு ஒரு கார் ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். பேட்டரி கனத்தில் பேண்ட் நழுவியது. ஒரு கை ஸ்குரூ டிரைவருக்கு, ஒரு கை பேண்டுக்கு என்று அன்றைய பொழுது போனது.

அடுத்தது ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர். பின்னால் ஹாரன் அடித்து அடித்துச் சோர்ந்துபோன லாரிக்காரர், இறங்கி வந்து தோளைத் தட்டினார். அண்ணாச்சி ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையில் மாட்டிவிட்டார். அப்புறம் லாரியாவது நகர்வதாவது! நாங்களெல்லாம் வரிசையில் நின்று மாட்டிப் பார்த்தோம். மண்டைக்குள்ளேயே கச்சேரி.

அவருக்கு இருந்த ஒரே கவலை, மனைவியின் தம்பி சேவியர். பெரியதாழையில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். லைஃப் ஜாக்கெட் என்றால் அவனுக்கு வேப்பங்காய்.

“நீந்தத் தெரியாதவனுக்குல்லா அது? அதப் போட்டுக்கிட்டு வலை இழுக்க முடியுமா அத்தான்?”

அவன் கடலுக்குப் போகிற நாளெல்லாம் அக்காள்காரி சோறு தண்ணி இல்லாமல் ஜெபமாலையும் கையுமாக இருப்பாள். அண்ணாச்சி சொல்லிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், காலில் விழாத குறை. கடைசியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

நெஞ்சில் இரண்டு குட்டி ஸ்பீக்கரோடு ஒரு லைஃப் ஜாக்கெட் வெளியே வந்தது. தானே மாட்டிக்கொண்டு கடலில் குதித்து, மிதக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவனிடம் கொடுத்தார். அத்தனை கொக்கியும் மாட்டினால்தான் அது பாடும். ஒன்றைக் கழற்றினாலும் வாயை மூடிக்கொள்ளும்.

“ஒரு பட்டன் வச்சா போதாதா அண்ணாச்சி?” என்றேன்.

“பட்டன் வச்சா, களத்திப் போட்டுட்டுப் பாட்டு கேப்பாம்லே. அவனப் பத்தி ஒனக்குத் தெரியாது.”

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. என்ன மூளை!

முதல் நாள் கரையே சிரித்தது. “ஏலே, கடலுக்குப் போறியா, கல்யாண வீட்டுக்கா?” அவன் கண்டுகொள்ளவில்லை. இன்ஜின் இரைச்சலை மீறி நெஞ்சில் பாட்டு கேட்கும்போது யாருக்குக் கழற்ற மனசு வரும்?

ஆடிக் காற்றில் ஒரு நாள், கரை திரும்புகிற வள்ளத்தை அலை கவிழ்த்துவிட்டது. விளிம்பு மண்டையில் அடித்து சேவியருக்கு நினைவு தப்பிவிட்டது. ஜாக்கெட் அவனை மல்லாக்க மிதக்க வைத்திருந்தது. கூட வந்தவர்கள் இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

அண்ணாச்சியை என் பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். தலையில் கட்டோடு கிடந்தவன் கண்ணைத் திறந்து, “அத்தான், தண்ணி உள்ள போயி பாட்டு நின்னுபோச்சி,” என்றான்.

“நிக்கட்டும் மாப்ள. பாட்டு போனாப் போட்டும்,” என்றவர், அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். வார்டே திரும்பிப் பார்த்தது. சத்தம் போடக்கூடாது என்று சொல்ல நர்ஸ் வேகமாக வந்தார்.

“விடுங்க சிஸ்டர், அவுக அழட்டும்,” என்றேன்.