ஊதிக் காட்டிய தாய்மாமன்

முதுகுவலிக்காரனை எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. கை ஒடிந்தால் மாவுக்கட்டைக் காட்டலாம். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். முதுகுவலிக்கு எதைக் காட்டுவது? சட்டையைத் தூக்கினால், "பாக்க நல்லாத்தானே இருக்கு!" என்கிறார்கள்.

எனக்கு வருஷக்கணக்காக அடிமுதுகில் வலி. அந்த நேரம் பார்த்துத் தங்கை மகளுக்குத் திருப்பரங்குன்றத்தில் காதுகுத்து வைத்தார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். அது நான் ஒருவன்தான். நானோ சம்மணமிட்டால் கிரேன் வைத்துத் தூக்க வேண்டிய நிலையில் இருந்தேன் (மிகையில்லை). விசேஷத்துக்கு முதல்நாள் டாக்டரிடம் ஓடினேன். முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்.

"மொகம் ரெண்டு நாள் செவந்திருக்கும். வலி மொதல்ல கூடிட்டு அப்புறந்தான் கொறையும். விசேஷம்னு அலையாதீங்க" என்றார். கூடவே சேர்த்திருந்த மரப்பு மருந்தின் சுகத்தில் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஆட்டோவில் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வந்தேன்.

மறுநாள் காலை, குங்குமத்தில் முக்கி எடுத்தது போல முகம். முதல்நாள் சுகமெல்லாம் போய் இடுப்பு பிடித்திழுக்க, மண்டபத்துக்குள் கோணிக்கோணி நுழைந்தேன். வாசலிலேயே தங்கையின் மாமனார். ரிட்டயர்டு போலீஸ் ஏட்டு.

"என்ன மாப்ள, மூஞ்சி செவந்து கெடக்கு? போட்டிருக்கீகளா?"

எங்கள் பக்கம் 'போடுறது' என்றால் என்னவென்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அந்தச் சமயத்தில் ஊசிதான் ஞாபகம்.

"ஆமா மாமா, நேத்துப் போட்டது. இன்னும் நடக்க முடியல."

"இம்புட்டுத் தைரியமாச் சொல்றீகளே!"

"இதுல என்ன இருக்கு? வலி தாங்காம எம்புட்டுப் பேரு போடுறாக. நீங்களும் ஒருதடவை போட்டுப் பாருங்க."

அவ்வளவுதான். "குடிகாரன் மடியில எம் பேத்திய வைக்க விடமாட்டேன்!" என்று மண்டபம் அதிரக் கத்தினார். பீர் பாட்டிலைக் கையால் தொட்டறியாத என்னை! ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்திரியைத் திரும்பி நின்று காட்டினேன்.

"எங்க போயி விழுந்தீக?" என்றார்.

என்ன சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில், "ஊதுங்க மாப்ள" என்றார்.

சொந்தபந்தம் மொத்தமும் வேடிக்கை பார்க்க, பட்டுவேட்டியோடு நின்று ஊதினேன். "இன்னும் நல்லா!" இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஊதினேன்.

"காப்பி வாடைதான் வருது. உக்காருங்க."

மன்னிப்பா? அதெல்லாம் ஏட்டையாவுக்குப் பழக்கமில்லை.

பிள்ளை மடிக்கு வந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் துள்ளி என்னைப் பின்னுக்குத் தள்ளினாள். மண்டபமே கேட்ட "ஐயோ அம்மா!" என்னுடையது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, குத்துனது அதுக்கு" என்றார் ஆசாரி.

வலி பிற்பாடு குறைந்தது; ஊசியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் காதுகுத்து என்றாலும், பிள்ளையை வாங்குமுன் தாய்மாமன் ஊத வேண்டும். சடங்காகவே ஆக்கிவிட்டார்கள்! போன தடவை பேரையூரில் ஒரு தாய்மாமன், "கை கழுவிட்டு வாரேன்" என்று போனவன் திரும்பவேயில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஏட்டு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார்.

"மாப்ள, நீங்க வந்து உக்காருங்க. உங்களத்தான் ஏற்கெனவே ஊதிப் பாத்தாச்சே."